சன்னல் குறி போட்ட வரிகள்

மார்ச் 3
முதல் வீட்டுப்பாடம்
மாணவர் பெயர்: ஊசி

அன்புள்ள மகனுக்கு,

பெயரைப் பார்த்து முழிக்காதே. நான்தான், அம்மா. உண்மைப் பெயர் கட்டாயமில்லை, புனைபெயர் வைத்துக்கொள்ளலாம் என்று சேர்க்கைப் பக்கத்தில் போட்டிருந்தது. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் நாள் முழுக்க ஊரார் கையில் ஊசி குத்துகிறவளுக்கு வேறு என்ன பெயர் பொருந்தும்?

நாலு மாதமாக நீ என் போனை எடுப்பதில்லை. இந்தக் கல்லுளிமங்கனை எங்கே போய்ப் பிடிப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது உன் வகுப்பு விளம்பரம் கண்ணில் பட்டது. ஆன்லைனில் கணினி நிரல் எழுதக் கற்றுத் தருகிறீர்களாம். அனுப்பும் ஒவ்வொரு வீட்டுப்பாடத்துக்கும் ஆசிரியரே இரண்டு நாளுக்குள் பதில் எழுதுவாராம். விட்டேனா பார் என்று அன்றைக்கே சேர்ந்துவிட்டேன். அம்மாவுக்குப் பதில் போடாமல் இருக்கலாம், மாணவிக்குப் போட்டுத்தானே ஆக வேண்டும்?

முதல் வீடியோவில் நீ சொன்னதை நன்றாகப் பிடித்துக்கொண்டேன். சன்னல் கம்பி மாதிரி இருக்கிற அந்த # குறியை ஒரு வரிக்கு முன்னால் போட்டுவிட்டால், கணினி அந்த வரியைத் தாண்டிப் போய்விடும். மனுஷர்கள் மட்டும்தான் படிப்பார்கள். உனக்குக் கடிதம் எழுத இதைவிடத் தோதான இடம் எங்கே கிடைக்கும்? இந்தக் கடிதத்தின் ஒவ்வொரு வரிக்கும் முன்னால் சன்னல் குறி போட்டிருக்கிறேன். எண்ணிப் பார்த்துக்கொள்.

விஷயத்துக்கு வருகிறேன். ஏப்ரல் 28ஆம் தேதி காலை பத்து மணிக்குப் பதிவு அலுவலகத்தில் எனக்கும் லிஃப்ட் மெக்கானிக்குக்கும் கல்யாணம். இரண்டு சாட்சி வேண்டும் என்கிறார்கள். ஒருத்தி எங்கள் கூடத்து ரிசப்ஷன்காரி. இன்னொரு கையெழுத்து நீ போட வேண்டும். வேறு ஆளைக் கேட்கப் போவதில்லை. நீ வரவில்லையென்றால் அன்றைக்குப் பதிவும் இல்லை.

கீழே ப்ரோக்ராம் இருக்கிறது. கட்டளை எல்லாம் தமிழிலேயே இருப்பதால் பிழைத்தேன்.

அம்மா


மார்ச் 4
ஆசிரியர் மறுமொழி

மாணவர் ஊசி அவர்களுக்கு,

தங்கள் முதல் வீட்டுப்பாடம் கிடைத்தது. 'உங்கள் பெயரைத் திரையில் எழுதச் செய்க' என்பது கேள்வி. தங்கள் நிரல் பிழையின்றி ஓடுகிறது. ஆனால் 'அம்மா' என்று எழுதுகிறது. அது பெயர் அல்ல என்பதால் ஒரு மதிப்பெண் குறைத்திருக்கிறேன்.

தாங்கள் சன்னல் குறி என்று சொல்வதற்கு ஹாஷ் என்று பெயர். அந்த வரிகள் நிரலை விளக்குவதற்கு மட்டுமே. சொந்த விஷயங்களை அங்கே எழுதுவதைத் தவிர்க்கவும்.

எல்லா மாணவர்களுக்கும் சொல்வதைத் தங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். முன்னேற்றப் பலகையில் ஒவ்வொருவர் பெயருக்குப் பக்கத்திலும் ஒரு புள்ளி இருக்கும். வாரப் பாடம் வந்தால் பச்சை. ஒரு வாரம் தவறினால் மஞ்சள், இரண்டு வாரம் தவறினால் சிவப்பு. நான்கு வாரம் தவறினால் பெயரை நீக்கிவிடுவோம். அதன் பிறகு இந்த வீட்டுப்பாடப் பெட்டியில் எதுவும் அனுப்ப முடியாது. இன்னொன்று, மாணவர் நிரலில் நான் ஒரு வரியும் எழுதித் தருவதில்லை. பிழையைத் தாங்களே கண்டுபிடித்துத் தாங்களே திருத்த வேண்டும்.

ஆசிரியர்


மார்ச் 11
இரண்டாம் வீட்டுப்பாடம்
மாணவர் பெயர்: ஊசி

அன்புள்ள மகனுக்கு,

தாங்களா! அடேங்கப்பா. பத்து வயது வரை தலையைத் துவட்டிக்கொள்ளத் தெரியாமல் ஈரத்தோடு ஓடிவந்து என் புடவையில் தேய்த்தவர்தான் தாங்கள். மரியாதையை மடித்துப் பையில் வையுங்கள்.

'அம்மா' பெயர் இல்லை என்று மதிப்பெண் குறைத்தாயே, நன்றாக இருக்கிறது நியாயம். முப்பத்தொரு வருடமாக நீ என்னை வேறு என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டாய்?

பாடம் பரவாயில்லை. புரியாவிட்டால் மறுபடி ஓட்டிப் பார்க்கிறேன். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஊசிப் பெட்டிக்கும் பஞ்சு டப்பாவுக்கும் நடுவில் லேப்டாப்பை வைத்துக்கொள்கிறேன். ஒரு புள்ளி, ஒரு கால்புள்ளி தவறினாலும் சிவப்பில் கத்துகிறது. எங்கள் டாக்டர் தேவலை. ரிசப்ஷன்காரி எட்டிப் பார்த்து, "அக்கா, இந்த வயசுல கம்ப்யூட்டர் படிச்சு என்ன வேலைக்குப் போகப்போறீங்க?" என்று கேட்டாள். "வேலைக்கு இல்லடி, ஒருத்தன வழிக்குக் கொண்டுவரப் படிக்கிறேன்" என்றேன்.

அவரைப் பற்றி நீ கேட்கமாட்டாய். கேட்காமலே சொல்கிறேன். போன வருடம் எங்கள் கட்டட லிஃப்ட் நாலாவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவில் நின்றுவிட்டது. உள்ளே நான் மட்டும். விளக்கும் போய்விட்டது. கத்தினேன், கதவைத் தட்டினேன், அழக்கூடச் செய்தேன். ரிப்பேருக்கு வந்தவர் வெளியே இருந்து பேச ஆரம்பித்தார். "பேரு என்னங்க? காலைல என்ன சாப்பிட்டீங்க? ஊசி போடுறவங்களா? எனக்கு ஊசின்னா உதறல்ங்க." ஒரு மணி நேரம். கதவு திறக்கிற வரைக்கும் ஒரு நிமிஷம்கூட வாயை மூடவில்லை. உன் அப்பா போன ஒன்பது வருடத்தில் அவ்வளவு நேரம் என்னோடு யாரும் பேசியதில்லை. நீயும் உட்பட. குத்திக்காட்டவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

கையெழுத்து விஷயம் என்ன ஆயிற்று?

அம்மா


மார்ச் 13
ஆசிரியர் மறுமொழி

மாணவர் ஊசி அவர்களுக்கு,

இரண்டாம் வீட்டுப்பாடம் முழுதும் சரி. முழு மதிப்பெண்.

முன்னேற்றப் பலகையில் ஒன்றைக் கவனித்தேன். மூன்றாம் பாடத்தைத் தாங்கள் முன்கூட்டியே பார்க்கத் தொடங்கியிருக்கிறீர்கள். நல்லது. ஆனால் அதில் ஒரே ஒரு இடத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டியிருக்கிறீர்கள். 'மழை பெய்தால் குடை எடு, இல்லாவிட்டால் குடை வேண்டாம்' என்ற உதாரணத்தைச் சொல்லும் இடம். நிபந்தனை என்பது பலருக்கும் முதலில் குழப்பும். எந்தப் பகுதி புரியவில்லை என்று எழுதினால் விளக்குகிறேன்.

கையெழுத்துப் பற்றி இங்கே எழுத வேண்டாம் என்று முன்பே சொல்லிவிட்டேன்.

ஆசிரியர்


மார்ச் 18
மூன்றாம் வீட்டுப்பாடம்
மாணவர் பெயர்: ஊசி

மகனே,

எல்லாம் புரிந்தது. அந்த இடத்தில் நீ வாய் தவறி 'மழை பெய்தால் குடை வேண்டாம்' என்று சொல்லிவிட்டுச் சிரிக்கிறாய். அதற்காகத்தான் ஓட்டினேன். வேறு வீடியோ எதிலும் நீ சிரிக்கவில்லை. நான் எங்கே நிறுத்துகிறேன், எங்கே திருப்புகிறேன் என்பதெல்லாம் உன் பலகையில் தெரியும் என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் ஓட்டியிருப்பேன்.

மழையை நீயே இழுத்தாய், அதனால் சொல்கிறேன். நீ கோபித்துக்கொண்டு போன அன்றைக்கு அவர் சாமான் வாங்கிவர வெளியே கிளம்பியபோது கொட்டோ கொட்டு என்று கொட்டியது. கதவுக்குப் பின்னால் உன் அப்பாவின் மழைக்கோட்டு தொங்கியது. எடுத்துக் கொடுத்தேன். மழை பெய்தால் கோட்டு. உன் பாடத்தில் இருப்பதுதானே? நீ சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிற்பாய் என்று யாருக்குத் தெரியும்? ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல், கொண்டுவந்த பையைக் கையிலேயே பிடித்துக்கொண்டு திரும்பிப் போனாய். அந்த முதுகு எனக்கு இன்னும் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது.

முன்னாலேயே ஏன் சொல்லவில்லை என்பாய். சொல்ல வந்தேன். ஒவ்வொரு தடவையும் "மீட்டிங்ல இருக்கேம்மா, அப்புறம் பேசறேன்" என்றாய். அந்த 'அப்புறம்' வரவே இல்லை.

பதிவு அலுவலகத்தில் சாட்சி விவரம் கேட்டு மறுபடியும் கூப்பிட்டார்கள். மகன் பெயர்தான் என்று சொல்லிவிட்டேன். உனக்குப் பிடிக்கவில்லையென்றால் பிடிக்கவில்லை என்று ஒரு வரி எழுது. ஆசிரியர் மாதிரி எழுதாதே. மகன் மாதிரி எழுது.

அம்மா


மார்ச் 19
ஆசிரியர் மறுமொழி

மகன் மாதிரியே எழுதுகிறேன். படித்துக்கொள்.

அந்தக் கோட்டு ஒன்பது வருடம் அந்தக் கொக்கியில் தொங்கியது. வீட்டுக்கு வரும்போதெல்லாம் கதவைத் திறந்ததும் முதலில் அதைத்தான் பார்ப்பேன். உனக்குத் தெரியாது. அன்றைக்குக் கொக்கி காலி. என்னடா என்று திரும்பினால் படியில் அப்பா ஏறி வருகிறார். அதே பச்சைக் கோட்டு, அதே மாதிரி தலையில் இழுத்துவிட்ட தொப்பி. ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, எனக்குப் பைத்தியம் பிடித்த மாதிரி சந்தோஷம். தொப்பியை விலக்கினால் யாரோ. "தம்பி யாரு?" என்று என்னைக் கேட்கிறார். எங்கள் வீட்டு வாசலில் நின்றுகொண்டு என்னை!

லிஃப்டில் மாட்டிக்கொண்டால் ரிப்பேர்காரருக்கு நன்றி சொல்லி அனுப்புவார்கள். கல்யாணமா பண்ணிக்கொள்வார்கள்? இந்த வயதில் உனக்குக் கல்யாணம் ஒன்றுதான் குறைச்சலா? என்னைச் சாட்சிக்கு வேறு கூப்பிடுகிறாய். எதற்குச் சாட்சி? அப்பா இல்லை என்பதற்கா? அதற்கு அப்பா போனபோதே ஒரு தடவை கையெழுத்துப் போட்டாயிற்று.

வரமாட்டேன். இனி இதைப் பற்றி எழுதாதே.


மார்ச் 19, மாலை
ஆசிரியர் மறுமொழி

அம்மா,

ஒரு பெரிய தப்பு நடந்துவிட்டது. மறுமொழிப் பெட்டிக்குக் கீழே இரண்டு பொத்தான். ஒன்று 'இவருக்கு', மற்றது 'எல்லோருக்கும்'. தினமும் அழுத்துகிற பொத்தான்தான். கோபத்தில் மாற்றி அழுத்திவிட்டேன். காலையில் எழுதியது வகுப்பில் இருக்கிற எல்லோருக்கும் போய்விட்டது. மாணவர் பெயர் ஊசி என்று மேலேயே இருக்கிறது. பார்த்ததும் மற்றவர்கள் பக்கத்திலிருந்து அழித்தேன். அதற்குள் பாதிப்பேர் படித்துவிட்டார்கள்.

உன்னிடம் கோபமாகப் பேசியதற்கு மன்னிப்புக் கேட்கவில்லை. ஊருக்கெல்லாம் கேட்கிற மாதிரி பேசியதற்குக் கேட்கிறேன். அது நான் செய்ய நினைத்தது இல்லை.

பதில் எழுது.


ஏப்ரல் 3
ஆசிரியர் மறுமொழி

அம்மா,

உன் புள்ளி மஞ்சள் ஆனது. பாடம் கடினமாக இருக்கும், அடுத்த வாரம் வரும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். முந்தாநாள் சிவப்பு ஆகிவிட்டது.

எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. பல் தேய்க்கும்போது பலகையைத் திறக்கிறேன், சோறு வாயில் இருக்கும்போது திறக்கிறேன், வகுப்பு நடத்திக்கொண்டே திரையின் ஓரத்தில் திறந்து வைத்திருக்கிறேன். மற்ற நாற்பத்தைந்து பேர் புள்ளியும் என் கண்ணில் படுவதில்லை. நேற்று ஒரு பையன் சந்தேகம் கேட்டான், இரண்டு தடவை கேட்டான், எனக்குக் காதில் விழவே இல்லை. வகுப்பில் பேக்கரி வைத்திருக்கிறவர் ஒருவர் இருக்கிறார். அவர் பாடச் சந்தேகம் கேட்கும் இடத்தில், "சார், அம்மா திரும்பி வந்தாங்களா?" என்று கேட்டிருக்கிறார். கீழே பத்துப் பேர் அதையே கேட்டிருக்கிறார்கள். யாருக்கும் பதில் சொல்லவில்லை.

போன் செய்தேன். நீ எடுக்கவில்லை. இப்போது புரிகிறது, மணி அடித்துக்கொண்டே இருப்பதைக் கேட்பது எப்படி இருக்கும் என்று. பரிசோதனைக் கூடத்துக்குச் செய்தேன். ரிசப்ஷன்காரி, "அக்கா ஊசி போட்டுக்கிட்டு இருக்காங்க" என்றாள். அரை மணி கழித்துச் செய்தேன், அப்போதும் ஊசி. சாயங்காலமும் ஊசி. ஊரில் ஒருத்தர் உடம்பிலும் ரத்தம் மிச்சம் இருக்காது போல.

நாலாம் பாடம் சுற்று. ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்ய வைப்பது. சுலபம்தான். உள்ளே ஏதாவது ஒன்று மாற வேண்டும், அவ்வளவுதான். மாறாவிட்டால் நிரல் நிற்கவே நிற்காது. அதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்.

எழுது.


ஏப்ரல் 14
ஆசிரியர் மறுமொழி

அம்மா,

நாளையோடு நாலு வாரம். மேலாளர் காலையில் கூப்பிட்டு, "சிவப்பில இருக்கிற பேரையெல்லாம் நாளைக்குத் தூக்கிடுங்க. புது ஆளுங்க வரிசையில நிக்கிறாங்க" என்று சொல்லிவிட்டார். சிவப்பில் இருப்பது ஒரே பெயர். அதை நீக்குகிற பொத்தானை அழுத்த வேண்டியவனும் நான்தான்.

அம்மா, என்னால் அந்தப் பொத்தானை அழுத்த முடியாது. அழுத்தாவிட்டால் அவர் அழுத்துவார். இந்தப் பெட்டியும் போய்விட்டால் நீ எனக்கு எங்கே எழுதுவாய்? நேரில் வரலாம் என்று இரண்டு தடவை கிளம்பினேன். பஸ் நிலையம் வரைக்கும் வந்தேன். கதவைத் திறந்து நீ என்னை எந்த முகத்தோடு பார்ப்பாய் என்று நினைத்ததும் திரும்பிப் போய்விட்டேன்.

எதையாவது அனுப்பு. ஒரு வரி போதும். தப்பாக இருந்தாலும் பரவாயில்லை. திட்டி எழுது.


ஏப்ரல் 15
நான்காம் வீட்டுப்பாடம்
மாணவர் பெயர்: ஊசி

திட்டி எழுது என்றாய். எழுதுகிறேன்.

அன்றைக்கு மத்தியானம் சாப்பிட உட்கார்ந்து, மறுமொழி வந்திருக்கிறதே என்று ஆசையாகத் திறந்தேன். கோட்டைப் பற்றி நீ எழுதியதைப் படித்தபோது சோற்றை மூடி வைத்துவிட்டேன். நீ கதவைத் திறந்ததும் அதைத்தான் பார்ப்பாய் என்று எனக்குத் தெரியாதுடா. தெரிந்திருந்தால் அவரை நனைந்துகொண்டே போகச் சொல்லியிருப்பேன். அந்த இடத்திலேயே நீ நிறுத்தியிருந்தால் அழுதுவிட்டு உனக்கு எழுதியிருப்பேன். 'இந்த வயதில்' என்று ஆரம்பித்தாய் பார். பக்கத்து வீட்டுக்காரி சொல்வாள், கடைக்காரன் சொல்வான் என்று தயாராக இருந்தேன். உன் வாயிலிருந்து வரும் என்று எதிர்பார்க்கவில்லை. முகம் தெரியாத யார் யாரோ எனக்கு, "தைரியமா இருங்கம்மா" என்று எழுதியிருந்தார்கள். தைரியத்துக்கு எனக்கு என்ன குறைச்சல்? மானம்தான் போயிற்று.

லேப்டாப்பை மூடி அலமாரியில் வைத்தேன். நீ கூப்பிட்டபோதெல்லாம் ஊசி போடவில்லை. போனுக்குப் பக்கத்திலேயேதான் நின்றுகொண்டிருந்தேன். பதிவைத் தள்ளிப் போட்டுவிடலாம் என்று அவரிடம் சொன்னேன். ஏன் என்று கேட்டார். நீ எழுதியதைக் காட்டினேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். மெதுவாகப் படித்துவிட்டு, "உள்ள மாட்டிக்கிட்டவங்க கத்தத்தான் செய்வாங்க. நீங்க கத்தலையா? அதுக்காக வெளியில இருக்கிறவங்க பேச்ச நிறுத்திட்டுப் போயிட முடியுமா?" என்றார். கோட்டைத் துவைத்து, காயவைத்து, அதே கொக்கியில் மாட்டிவிட்டுப் போனார். அதன் பிறகு மழை வந்தால் நனைந்துகொண்டுதான் வருகிறார்.

எனக்கு இன்னும் கோபம் போகவில்லை. ஆனால் பெயரைத் தூக்கிவிடுவார்கள் என்று எழுதியதும் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. அதனால் அனுப்புகிறேன்.

கீழே ப்ரோக்ராம். ஓட்டினால் நிற்கமாட்டேன் என்கிறது.

    வந்தான் = இல்லை
    வந்தான் == இல்லை என்னும்வரை:
        எழுது "ஒரு நாற்காலி காலி"
        # வந்தான் = ஆம்


ஏப்ரல் 17
ஆசிரியர் மறுமொழி

மாணவர் ஊசி அவர்களுக்கு,

நான்காம் வீட்டுப்பாடம் கிடைத்தது. தங்கள் புள்ளி பச்சை ஆனது. பேக்கரிக்காரருக்கும் மற்றப் பத்துப் பேருக்கும், "வந்துட்டாங்க" என்று பதில் எழுதிவிட்டேன். இந்தத் தடவை பொத்தானை இரண்டு முறை பார்த்துவிட்டு, தெரிந்தேதான் 'எல்லோருக்கும்' அழுத்தினேன்.

நிரலை ஓட்டிப் பார்த்தேன். 'ஒரு நாற்காலி காலி', 'ஒரு நாற்காலி காலி' என்று திரை நிறைய எழுதிக்கொண்டே போனது. நிறுத்தத் தோன்றவில்லை. பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். கடைசியில் கணினியே அலுத்துப்போய், 'நேரம் கடந்தது, நிரல் நிற்கவில்லை' என்று சொல்லி மூடிவிட்டது.

அம்மா, எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை. பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது? அவரைப் பார்த்தால் என்ன பேசுவது என்று தெரியவில்லை. அவர் பக்கத்தில் நீ நிற்பதைப் பார்த்தால் எனக்கு எப்படி இருக்கும் என்றும் தெரியவில்லை. ஆனால் கோட்டைத் துவைத்து மாட்டிவிட்டு ஒரு மனுஷன் நனைந்துகொண்டு வருகிறார் என்று படித்ததிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அதைக் கொக்கியிலிருந்து எடுத்து அவரிடமே கொடுத்துவிடு. மழைக்குப் போட்டுக்கொள்ளத்தான் அப்பா வாங்கினார். 'இந்த வயதில்' என்று எழுதினேனே, அதை நான் எழுதியிருக்கவே கூடாது. எல்லோருக்கும் போயிருந்தாலும் சரி, உனக்கு மட்டும் வந்திருந்தாலும் சரி.

மாணவர் நிரலில் நான் ஒரு வரியும் எழுதித் தருவதில்லை என்று சொல்லியிருந்தேன். இப்போதும் எழுதவில்லை. தேவையான வரியைத் தாங்களே சரியாக எழுதிவிட்டீர்கள். அதற்கு முன்னால் இருந்த சன்னல் குறியை மட்டும் அழித்திருக்கிறேன்.

பேனா நான் கொண்டுவருகிறேன். ஓட்டிப் பார்.

உன் மகன்


ஏப்ரல் 18
நான்காம் வீட்டுப்பாடம், திருத்தியது
மாணவர் பெயர்: அம்மா

கண்ணா,

பெயரை மாற்றிவிட்டேன். இதற்கும் மதிப்பெண் குறைத்தால் உன் மேலாளரிடம் போவேன்.

28ஆம் தேதி காலை பத்து மணி. பதிவு அலுவலகம் மூன்றாவது மாடியில் இருக்கிறது. அங்கே இருக்கிற லிஃப்ட் சத்தமே சரியில்லை, படியேறி வரச் சொல்லு என்று அவர் சொல்லச் சொன்னார். கோட்டைக் கொடுத்தேன். வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு, "தம்பி வந்து பார்க்கட்டும், அப்புறம் போட்டுக்கிறேன்" என்கிறார். என்ன பேசுவது என்று நீ கவலைப்படாதே. அந்த மனுஷன் யாரையும் பேச விடமாட்டார்.

ப்ரோக்ராமை ஓட்டினேன். 'ஒரு நாற்காலி காலி' என்று ஒரே ஒரு தடவை எழுதிவிட்டு நின்றுவிட்டது. அந்த ஒரு தடவை போகட்டும், விடு.

அம்மா